எஸ்ஸில் தேடினேன், டி-யில் இருந்தார் எள்ளுத்தாத்தா

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர், டிசியில் வேறொரு பெயர் என்று வருகிறவர்களுக்குத் திருத்த விண்ணப்பம் அடித்துக் கொடுத்தே விரல் தேய்ந்துவிட்டது. லட்சுமி என்ற ஒரு பெயரை மட்டும் ஒன்பது விதமாக அடித்திருக்கிறேன். ஆகவே எழுத்துக்கூட்டு விஷயத்தில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற மிதப்பு எனக்கு இருந்தது. எங்கள் வீட்டுப் பெரியவர் ஒருத்தரே அதை இறக்கி வைத்தார். அவரைத் தேடப்போய் நான் பயன்படுத்திய மூன்று சேவைகளைப் பற்றித்தான் இந்த மதிப்புரை. இரண்டுக்குக் காசு கட்டினேன். மூன்றாவது இலவசம். அவரைக் கண்டுபிடித்துக் கொடுத்தது அந்த இலவசம்தான்.

அப்பா போன பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியை ஒழித்தோம். அடியில் எட்டாக மடித்த ஒரு பிரெஞ்சுக் காகிதம். 1906-ஆம் வருஷத்துக் கல்யாணப் பதிவின் நகல். மாப்பிள்ளை அருணாசலம், வயது இருபது, சின்னத்தம்பி மகன், ஊர் வில்லியனூர். அதாவது என் கொள்ளுத்தாத்தா. எங்கள் வீட்டில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம். அப்பா அருணாசலம், தாத்தா சின்னத்தம்பி, கொள்ளுத்தாத்தா அருணாசலம், அவருக்கு மேலே திரும்பவும் ஒரு சின்னத்தம்பி. அந்த மேல் சின்னத்தம்பியை யாரும் பார்த்ததில்லை. பெயர் மட்டும் சங்கிலி மாதிரி இறங்கி வந்திருக்கிறது.

காகிதத்தைப் பார்த்ததும் என் தம்பிக்கு வேறு யோசனை ஓடியது. புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைக்க பிரான்ஸோடு 1956-இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-இல் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். எழுதிக் கொடுத்த வீட்டுப் பிள்ளைகள் பாரீஸில் இருக்கிறார்கள். என் தாத்தா எழுதவில்லை. “ஏதாவது வழி இருக்கும்க்கா” என்று தம்பி ஒரு ஏஜென்டைப் பிடித்து வந்தான். ஆளின் பெயரும் ஆபீஸின் பெயரும் வேண்டாம், நானும் அதே தெருக்களில் கடை வைத்திருப்பவள். பதினெட்டாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு, மூன்று மாதம் கழித்து, டிரங்குப் பெட்டியில் இருந்த அதே காகிதத்தை ஸ்கேன் எடுத்து, லேமினேட் செய்து திருப்பிக் கொடுத்தார். லேமினேஷன் நன்றாகவே இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். எங்கள் கடையில் அதற்கு முப்பது ரூபாய்.

அடுத்து, வம்சாவளி தேடித் தரும் ஒரு வெளிநாட்டுக் கட்டணத் தளம். விளம்பரத்தில் வெள்ளைக்காரப் பாட்டி ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொள்வாள், நீங்களும் பார்த்திருப்பீர்கள். பதினான்கு நாள் இலவசம், அப்புறம் கார்டிலிருந்து தானாகவே காசு போய்விடும். எனக்கும் போனது.

உள்ளே நுழைந்ததுமே முட்டுக்கட்டை. ‘குடும்பப் பெயர்’ என்ற கட்டத்தை நிரப்பாமல் தளம் நகர மாட்டேன் என்றது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? இருப்பது நம் பெயர், முன்னால் அப்பா பெயரின் ஒற்றை எழுத்து. சரி என்று அந்தக் கட்டத்தில் சின்னத்தம்பி என்று போட்டேன். ‘ஒலி ஒத்த பெயர்கள்’ என்று அயர்லாந்தில் வெக்ஸ்ஃபோர்டு பக்கத்துச் சின்னட் குடும்பம் ஒன்றைக் கொண்டு வந்து நிறுத்தியது. நல்ல குடும்பமாகத்தான் தெரிந்தது. நானே வரைந்த குடும்ப மரத்தில் இன்னொரு கூத்து. அருணாசலம் மகன் சின்னத்தம்பி, சின்னத்தம்பி மகன் அருணாசலம் என்று மாறி மாறி வந்ததும் தளம் குழம்பிப் போய், ‘இவர்கள் இருவரும் ஒரே ஆளாக இருக்கலாம், இணைக்கட்டுமா?’ என்று கேட்டது. கை தவறி ‘சரி’ என்று அழுத்திவிட்டேன். என் தாத்தா தனக்குத் தானே தாத்தா ஆகிவிட்டார். தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன் என்பதால்தான் அவன் பெயரன், பேரன். இதை அந்தத் தளத்துக்கு யார் சொல்வது?

ஆனாலும் அந்தக் காசில் ஒரு பாடம் கிடைத்தது. ‘ஒலி ஒத்த பெயர்’ தேடலுக்குப் பின்னால் சவுண்டெக்ஸ் என்று ஒரு பழைய முறை இருக்கிறது. அமெரிக்காவில் 1918-இல் காப்புரிமை வாங்கியது. முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்ளும். உயிரெழுத்துகளைத் தள்ளிவிடும். மிச்சமிருக்கும் எழுத்துகளில் ஒலி நெருக்கமானவற்றுக்கு ஒரே எண் கொடுத்து, மூன்று எண்ணோடு நிறுத்திக்கொள்ளும். அருணாசலத்துக்கு இது அருமையாக வேலை செய்கிறது. இங்கிலீஷ் பாணியில் சி, எச் போட்டாலும், பிரெஞ்சுப் பாணியில் இரண்டு எஸ் போட்டாலும் ஏ 652 என்றே வரும். சின்னத்தம்பியிடம்தான் கவிழ்ந்துவிடுகிறது. எஸ் போட்டு எழுதினால் எஸ் 535. சி, எச் போட்டால் சி 535. டி (T), சி, எச் என்று தொடங்கினால் டி 253, முதல் எழுத்தோடு எண்ணும் சேர்ந்து மாறிவிடுகிறது. டி-யில் தொடங்கி யார் எழுதுவார்கள் என்று கேட்கிறீர்களா? பிரெஞ்சுக்காரன் எழுதுவான். அவனுக்கு சி, எச் என்றால் ‘ஷ’. நம் ‘ச’வை அழுத்திச் சொல்வது காதில் விழுந்தால் முன்னால் ஒரு டி சேர்த்துக்கொள்வான். மெதுவாகச் சொன்னால் வெறும் எஸ். ஆக, அன்றைக்கு நம் பாட்டன் எப்படி வாயைத் திறந்தார் என்பதைப் பொறுத்தது, அகர வரிசையில் அவர் எந்தப் பக்கம் போய் உட்காருகிறார் என்பது.

இப்போது மூன்றாவதுக்கு வருகிறேன். பிரான்ஸில் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் என்ற ஊரில் கடல்கடந்த பிரதேசங்களின் ஆவணக் காப்பகம் இருக்கிறது. சுருக்கமாக அனோம் என்பார்கள். பிரெஞ்சுக் காலனிகளின் பிறப்பு, கல்யாணம், இறப்புப் பதிவேடுகளைப் படம் எடுத்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர் எல்லாம் உண்டு. பதிவு செய்யத் தேவையில்லை, கார்டு நம்பரும் வேண்டாம். நம் ஊர்ப் பதிவேடு அங்கே எப்படிப் போனது என்றால், 1776-இல் பதினாறாம் லூயி ஓர் ஆணை போட்டார். காலனிகளில் எழுதும் பதிவேட்டுக்கு இன்னொரு பிரதி எடுத்துக் கப்பலில் பிரான்ஸுக்கு அனுப்ப வேண்டும் என்று. இங்கே கரையானும் மழையும் தின்றதுக்கு அங்கே ஒரு நகல் தப்பித்தது அப்படித்தான். ராஜாவின் தலை தப்பவில்லை, ஆணை தப்பித்தது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நம் பதிவேடுகளில் பெயரைத் தட்டினால் ஆள் வந்து நிற்க மாட்டார். பிரதேசம், ஊர், வருஷம் தேர்ந்தெடுத்து, பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். ஊர்ப் பெயரும் பிரெஞ்சில்தான். உழவர்கரையை ஊல்கரே என்று வாசிக்கிற மாதிரி எழுதியிருப்பார்கள், வில்லியனூர் வில்லெனூர் ஆகியிருக்கும். வருஷக் கடைசியில் அகர வரிசைப் பட்டியல் இருந்தால் பாதி வேலை குறையும். இரண்டு ஞாயிற்றுக்கிழமை புரட்டிய பிறகு எனக்கு இந்த முறையே பிடித்துப்போனது. கம்ப்யூட்டர் நமக்காகத் தேடும்போது அது விட்டுவிட்டதைப் பற்றி நமக்குத் தெரியாது. கண்ணால் புரட்டும்போது பக்கத்து வீட்டுக்காரர்களும் தட்டுப்படுகிறார்கள்.

அப்படிப் புரட்டியதில் பிரெஞ்சு எழுத்தர்களின் கணக்கு மெல்லப் பிடிபட்டது. ‘உ’ வந்தால் ஓ, யு. அதனால் முத்து என்பதற்கு எம், ஓ, யு, டி, டி, ஓ, யு என்று ரயில் பெட்டி மாதிரி நீளும். ‘ஜ’ வந்தால் டி (D), ஜே. பெயர் ம், ன் என்று முடிந்தால் கடைசியில் சும்மா ஒரு ஈ வைப்பார்கள். இல்லாவிட்டால் பிரெஞ்சுக்காரன் அதை மூக்கால் உச்சரித்துவிடுவான். எங்கள் கடைக்கு வருகிற ராமலிங்கம்களுக்கும் சுப்பிரமணியன்களுக்கும் பெயர்க் கடைசியில் தொங்கும் அந்த ஈ, இப்படி ஒட்டிக்கொண்டதுதான். ‘ழ’தான் உச்சம். இங்கிலீஷ்காரன் பழனியை ‘ல’ போட்டு எழுதி முடித்தான். நம் ஊர் எழுத்தர் ஜே போட்டார். இன்றைக்கும் புதுச்சேரி பாஸ்போர்ட்களில் பழனி, குழந்தை எல்லாம் ஜே-யோடு இருக்கும். சென்னை ஏர்போர்ட்டில் ‘பஜனி’ என்று கூப்பிட்டால் எங்கள் ஊர்க்காரர் எழுந்து நிற்பார்.

இதை எழுதும்போது போன வருஷம் ரீயூனியன் என்ற பிரெஞ்சுத் தீவிலிருந்து வந்த ஒரு அம்மா நினைவுக்கு வருகிறார். அறுபது வயதிருக்கும். பிரிண்ட் எடுக்க வந்தவர், தன் குடும்பப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். பாஸ்போர்ட்டில் இருந்ததை அவர் ‘விராபுலே’ என்று வாசித்தார். நான் ஒருமுறை எழுத்துக்கூட்டி, இன்னொரு முறை நம் ஊர்ப் பேச்சில் சொல்லிப் பார்த்தேன். வீரப்புள்ள! வீரப்பிள்ளைதான். பிள்ளை என்று எழுதுகிறோமே தவிர, யார் அப்படிப் பேசுகிறோம்? புள்ள என்றுதான் வாயில் வருகிறது. கேட்டதைக் கேட்டபடி எழுதிவிட்டார் அந்த எழுத்தர். 1848-இல் பிரெஞ்சுக் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தபின் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பல் ஏற்றினார்களே, அவர்களில் யாரோ ஒருவர். அவருக்கு அது சொந்தப் பெயராகத்தான் இருந்திருக்கும், அவருடைய அப்பாவுக்கு வேறு பெயர் இருந்திருக்கும். அங்கே போனதும் அதையே குடும்பப் பெயராக இறுக்கிவிட்டார்கள். கரீபியன் தீவான குவாதலூப்பில் இந்திய வம்சாவளியினரின் ஓட்டுரிமைக்காக வருஷக்கணக்கில் கோர்ட் ஏறி இறங்கிய ஆன்ரி சிதாம்பரோம் பெயரிலும், உற்றுக் கேட்டால் நம் சிதம்பரம் இருக்கிறார். அந்த அம்மாவை மூன்று தடவை ‘வீரப்புள்ள’ சொல்ல வைத்துத்தான் அனுப்பினேன். பிரிண்டுக்குக் காசு வாங்கவில்லை.

எல்லா இழையும் இப்படிக் கேட்டவுடன் பிடிபடுவதில்லை. 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி ஆணைப்படி, இந்து, முஸ்லிம் வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்குள் வருகிறவர்கள் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். ரெனோன்சான் என்பார்கள். ஷூ போட்டுக்கொண்டு கோர்ட்டுக்கு வரக் கூடாது என்றதை எதிர்த்துப் பாரீஸ் வரை வழக்காடி ஜெயித்த வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை, அப்போது லாபோர்த் ஆனார். லாபோர்த் என்றால் கதவு. உங்கள் பாட்டனார் அப்படி ஒரு கதவைச் சாத்திக்கொண்டு போயிருந்தால், எந்த ஒலியைப் பிடித்துக்கொண்டும் பின்னால் போக முடியாது. துறப்புப் பதிவைத்தான் தேட வேண்டும்.

எங்கள் வீட்டில் யாரும் துறக்கவில்லை. கொள்ளுத்தாத்தாவுக்கு 1906-இல் இருபது வயது என்றால், பிறந்தது 1886 வாக்கில். அப்பா அம்மா கல்யாணம் அதற்கு முந்தி. 1880-லிருந்து ஒவ்வொரு வருஷக் கல்யாணப் பட்டியலிலும் எஸ் பக்கம் பார்த்தேன். சின்னசாமி, சின்னப்பன், சின்னய்யா எல்லாரும் இருந்தார்கள், நம் ஆள் இல்லை. டிரங்குப் பெட்டிக் காகிதத்தில் சி, எச் போட்டிருந்ததால் சி பக்கமும் பார்த்தேன். இல்லை. ஐந்து ஞாயிற்றுக்கிழமை இப்படியே போனது.

பக்கத்துத் தெரு சொல்தா மாமாவிடம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், எண்பது தாண்டியவர், கண் மங்கல். பதிவேட்டில் வருஷத்தை எண்ணில் எழுத மாட்டார்கள், எழுத்தில்தான் இருக்கும். எண்பத்து நான்குக்கு அவர்கள் கணக்கு ‘நாலு இருபது நாலு’. முதல் பாடமே அதுதான்.

“ஏம்மா, நீ கண்ணால படிக்கிற. எனக்குத்தான் கண்ணு தெரியாதே, வாய் விட்டுப் படி, நான் கேக்கறேன்” என்றார்.

1884 பட்டியலை ஏ-யிலிருந்து உரக்கப் படித்துக்கொண்டே போனேன். நடுவில் ஒரு டீ வந்தது. டி-யில் திருவேங்கடம், தங்கவேலு, தாண்டவராயன் என்று போய், டி, சி, எச் என்று தொடங்கிய ஒன்றைத் தட்டுத் தடுமாறி, “ட்ச்… ட்சின்ன…” என்றேன்.

“சின்னத்தம்பிதானே? எழுதினவன் ஊருக்குப் புதுசு போல” என்றார் மாமா, டீயை உறிஞ்சிக்கொண்டே.

பட்டியலில் இருந்த எண்ணைப் பிடித்துப் பதிவுக்குப் போனோம். மாப்பிள்ளை சின்னத்தம்பி, அருணாசலம் மகன், வில்லியனூர். ஆனால் அந்த வட்டாரத்தில் அருணாசலம் மகன் சின்னத்தம்பி ஒருத்தர்தான் இருந்திருப்பாரா? கடையில் நான் பார்க்கிற பார்வைக்கு, இந்த ஒரு காகிதம் போதாது. 1886 பிறப்புப் பதிவைத் தேடினேன். அருணாசலம் என்று ஏழு குழந்தைகள். அப்பா பெயர் சின்னத்தம்பி என்று ஒரே ஒரு குழந்தைக்கு. ஆனால் அங்கே எஸ் போட்டு எழுதியிருந்தது. எழுத்தரின் கையும் வேறு.

அப்புறம்தான் கீழே பார்க்கத் தோன்றியது. இந்த மாதிரிப் பிரதிகள் எல்லாவற்றிலும் கையெழுத்து இருப்பதில்லை, சிலவற்றில் எழுத்தரே ‘கையெழுத்திட்டார்’ என்று எழுதி முடித்துவிடுவார். எங்கள் அதிர்ஷ்டம், இரண்டிலும் இருந்தது. பிரெஞ்சுக் கொடிக்கையெழுத்துகளுக்கு நடுவில், கொஞ்சம் சாய்ந்து, தமிழில். ஒரு புள்ளிகூட இல்லை. அந்தக் காலத்து வழக்கப்படி ‘சினனததமபி’. ‘மபி’யில் பி-யின் சுழியை மேலே இழுத்து, வலது பக்கம் நீட்டி, கொக்கி போல முடித்திருக்கிறார். பெரிதாக்கிப் பார்த்தால் கொக்கியின் நுனியில் மை திட்டாக நிற்கிறது. 1884-இலும் அதே கொக்கி, 1886-இலும் அதே கொக்கி. மேலே எழுதியவர்கள் டி என்றும் எஸ் என்றும் அவரைப் பிரித்து வைத்திருக்க, அவர் இரண்டு வருஷமும் ஒரே மாதிரி போட்டுவிட்டுப் போயிருக்கிறார். என் அப்பாவும் தமிழில்தான் கையெழுத்துப் போடுவார். கொக்கி எல்லாம் இல்லை, அப்படிச் சொன்னால் பொய்யாகிவிடும்.

சரி, மதிப்பெண். ஏஜென்டுக்குப் பூஜ்யம், லேமினேஷனுக்காக வேண்டுமானால் அரை. கட்டணத் தளத்துக்கு ஒன்றரை. ஐரோப்பாவில் குடும்பப் பெயரோடு பிறந்தவர்களுக்கு உபயோகப்படலாம், பெயருக்கு முன்னால் இனிஷியல் போடுகிறவர்கள் காசைக் கரியாக்க வேண்டாம். மரம் வரைந்தே ஆக வேண்டும் என்றால் ஃபேமிலிசர்ச் என்ற தளம் இலவசம், தேடும்போது சந்தேகமான எழுத்துக்குப் பதில் கேள்விக்குறியோ நட்சத்திரக்குறியோ போடலாம். அனோம் காப்பகத்துத் தளத்துக்கு ஐந்துக்கு நாலரை. அரை குறைத்தது எதற்கு என்று கேட்டால், முழுசும் பிரெஞ்சு. பிரவுசரின் மொழிபெயர்ப்பு மெனுக்களைத் தமிழாக்கும், கையெழுத்தை ஆக்காது. பிரெஞ்சு தெரிந்த மாமா ஒருத்தர் பக்கத்தில் இருந்தால் ஐந்தே கொடுக்கலாம். போனில் முயற்சி செய்யாதீர்கள், பெரிய திரை வேண்டும். பதிவு எண்ணையும் வருஷத்தையும் அப்போதைக்கப்போது நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நான் 1884 பதிவை ஒருமுறை தொலைத்துவிட்டுத் திரும்பக் கண்டுபிடிக்க ஒரு ராத்திரி ஆனது.

தம்பியிடம் இரண்டு பக்கத்தையும் காட்டினேன். “இத வெச்சு பிரான்ஸ் போக முடியுமாக்கா?” என்றான். முடியாது என்றேன். கொஞ்ச நேரம் அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “சரி, அத மட்டும் பெருசு பண்ணி கலர்ல ஒண்ணு போட்டுக் குடு” என்றான்.

கலர் பிரிண்ட் பத்து ரூபாய். வாங்கிக்கொண்டேன்.